பிந்தி வருவது யார்?

மாரி தொடங்கி வாடைக்காற்று வாவியின்மேல் வீசத் தலைப்பட்டதும், மட்டக்களப்புப் பகுதியின் வைத்தியசாலை விடுதிகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப ஒலிக்கக் கேட்கலாம்: "பிந்தித்தான் கொண்டுவந்தார்கள்." காய்ச்சலும் இருமலுமாக ஐந்தாறு நாள் கிடந்து, நெஞ்சுக்கூடு மேலும் கீழும் வாங்க, உதடு நீலம் பாரிக்க, படுவான்கரையிலிருந்து உழவனொருவன் கொண்டுவரப்படுகிறான். மறுநாள் விடியுமுன் அவன் மாண்டுபோகிறான். பதிவுத் தாளில் 'நியூமோனியா' என்று எழுதப்படுகிறது. வாயிலில் நிற்கும் மனைவியிடம் அந்த ஒற்றை வாக்கியம் சொல்லப்படுகிறது. அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

மருத்துவக் கூற்றுப்போலத் தோன்றும் இவ்வாக்கியம் உண்மையில் ஒரு தீர்ப்பாகும். இறந்தவனே குற்றவாளி, அவனுடைய அறியாமையே குற்றம் என்பதை அது விசாரணையின்றியே முடிவுசெய்துவிடுகிறது. அதிகாரிகள் இதனை அறிக்கைகளில் எழுதுகின்றனர், பத்திரிகைகள் எடுத்தோதுகின்றன, ஆசிரியர்களாகிய நம்மிற் பலரும், "நம்மவர்க்குச் சுகாதார அறிவு போதாது" என்று தலையசைத்து ஏற்றுக்கொள்கிறோம். இத்தீர்ப்பை மீள்விசாரணைக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். பிந்தியமை உண்மை. ஆனால் பிந்தியவர் யார்?

முதலில் நோயை அறிந்துகொள்வோம். நியூமோனியாவைத் தடிமனின் முற்றிய நிலை என்றே பொதுமக்கள் எண்ணுகின்றனர். தடிமன் மூக்கிலும் தொண்டையிலும் நிற்பது. நியூமோனியாவோ நுரையீரலின் அடியிலுள்ள நுண்ணிய சிற்றறைகளைப் பற்றுவது. காற்று நிறைந்திருக்கவேண்டிய அவ்வறைகளில் நீரும் சீழும் தேங்குகின்றன. ஒட்சிசன் குருதியுட் புக வழியின்றித் தடைப்படுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய உடல் மூச்சை விரைவுபடுத்துகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல், துருநிறச் சளி, மூச்சை இழுக்கும்போது விலாவிற் குத்து, சிறு வேலைக்கும் இளைப்பு என்பன வெளியே தெரியும் குறிகள். கிருமியின் தாக்கம் குருதியிற் பரவிவிடின் குருதியமுக்கம் வீழ்கிறது, சிறுநீர் குறைகிறது, மூளை கலங்குகிறது. "சன்னி கண்டுவிட்டது" என்று கிராமத்திற் சொல்கின்றனரே, அந்நிலை இது. முதியவர்களிடம் காய்ச்சலே இல்லாமல், இருமலும் இல்லாமல், தடுமாற்றப் பேச்சு ஒன்றே முதற் குறியாக வருவதுமுண்டு. "கிழவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடும் வேளையில், அவருடைய நுரையீரல் நிறைந்துகொண்டிருக்கும்.

இந்நோயை வெல்லும் ஆயுதம் மனிதகுலத்தின் கையில் இன்று நேற்று வந்ததன்று. 1943 டிசம்பரில், பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சில் வட ஆபிரிக்காவில் நியூமோனியாவாற் படுத்தபோது, சல்பா வகை மருந்தொன்று அவரை எழுப்பிவிட்டது. உடனடியாக வைத்தியர் சூழ்ந்தனர். உடனடியாக மருந்து புகட்டப்பட்டது. பெனிசிலின் பரவலாகக் கிடைத்தபின், இந்நோய் இனி அஞ்சத்தக்கதன்று என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. அந்நம்பிக்கையை 1964இல் வெளியான ஓர் ஆய்வு உலுக்கியது. றொபேட் ஒஸ்ற்றியன், ஜெரோம் கோல்ட் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள், நியூமோகொக்கஸ் பற்றீரியா குருதியிற் பரவிய நோயாளரை ஆராய்ந்தனர். பெனிசிலின் பெருந்தொகையினரைக் காப்பாற்றியது. ஆயினும், நோயின் முதற் சில நாட்களிலேயே மாண்டுபோவோரின் தொகையை அது குறைக்கவில்லை. உடலின் சீர்குலைவு ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், கிருமியைக் கொல்லும் மருந்து மனிதனை மீட்காது என்பதே அதன் பொருள்.

ஆகவே, இந்நோயில் நாழிகைதான் உயிர். வைத்தியசாலையை அடைந்த நோயாளிக்கு நான்கு மணித்தியாலங்களுக்குள் முதல் வேளை மருந்து கொடுக்கப்படவேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டல்கள் வற்புறுத்துவது இதனாலேயே. பிந்துதல் கொல்லும் என்பதில் நமக்கும் அதிகாரிகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. கொல்லும் குற்றமாகையால், அக்குற்றத்தை யார்மேற் சுமத்துவது என்பதில் நாம் மிகக் கண்டிப்பாக இருத்தல்வேண்டும்.

படுவான்கரை உழவன் ஏன் பிந்துகிறான்? பெரும்போகத்தின் விதைப்பும் களையெடுப்பும் உரமிடுதலும் மாரிமழையோடு ஒட்டியே நடைபெறுகின்றன. உன்னிச்சைக் குளத்தின் கீழும் நவகிரிக் குளத்தின் கீழும் விரிந்துகிடக்கும் வட்டைகளில், முழங்காற் சேற்றில் நின்று, நனைந்த உடையோடு வாடியில் உறங்கி, விலங்குகளிடமிருந்து வயலைக் காக்கின்றவன் நாட்கூலிக்காரன். ஒருநாட் காய்ச்சலுக்கு அவன் வேலையை விட்டால் அன்றைய கூலி இல்லை. இரண்டு நாள் விட்டால் முல்லைக்காரர் வேறொருவனைத் தேடிக்கொள்வார். போடியாரின் நிலத்தில் வேலை செய்தவனுக்கு அன்றும் நோய்விடுமுறை இருந்ததில்லை. குத்தகைக்காரரின் நிலத்தில் வேலை செய்பவனுக்கு இன்றும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தனுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை உண்டு. அவன் முதல் நாளே வைத்தியரிடம் போகிறான். அவனை 'அறிவுள்ளவன்' என்கிறோம். கூலியாளன் ஐந்தாம் நாள் போகிறான். அவனை 'அறியாதவன்' என்கிறோம். இருவருக்குமிடையில் நிற்பது அறிவின் வேறுபாடா, விடுமுறையின் வேறுபாடா?

அந்த ஐந்து நாட்களையும் அவன் சும்மா கழிப்பதில்லை. முதல் நாள் கொத்தமல்லிக் குடிநீர். இரண்டாம் நாள் பரிசாரியார். மூன்றாம் நாள் சந்தியிலுள்ள மருந்துக்கடையில், கையிலுள்ள காசுக்கு ஏற்ப நாலைந்து குளிசை. இவை பிழையான வழிகளாயிருக்கலாம். எனினும் ஏழையின் கணக்கு இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. குறைந்த செலவில், வேலையை இழக்காமல், நடந்துபோகும் தூரத்தில் எது கிடைக்கின்றதோ அதனையே அவன் நாடுகிறான். வைத்தியரின் துண்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை விற்பது சட்டவிரோதமானது. சட்டத்தை மீறி விற்பவர் இலாபம் பெறுகிறார். வாங்கியவனோ அரைகுறை மருந்தால் நோய் மறைந்தும் மாறாமலும் ஏமாற்றப்பட்டுப் பழியையும் சுமக்கிறான்.

தூரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். வாவி அழகானதுதான், மீன் பாடுகிறது என்று வெளியூரார் கல்லடிப் பாலத்தில் நின்று காதுகொடுத்துக் கேட்கின்றனர். அந்த வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துவைத்த நீண்ட அகழியுமாகும். கல்லடியில் 1924இலேயே இரும்புப் பாலம் எழுந்தது. மண்முனைத் துறையில் ஒரு பாலம் எழ 2014ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டுக்குமிடையே தொண்ணூறு ஆண்டுகள். அத்தொண்ணூறு ஆண்டுகளும் மண்முனைத் துறையால் வாவியைக் கடந்த நோயாளரைத் தோணியும், 'பாதை' என்று மக்கள் அழைக்கும் மிதவையுமே ஏற்றி இறக்கின. குருமண்வெளிக்கும் மண்டூருக்குமிடையே தலைமுறை தலைமுறையாகப் பாதையே மக்களைச் சுமந்து வந்திருக்கிறது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வாவியைக் கடப்பது சோதனைச் சாவடிகளின் தயவிலே தங்கியிருந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் மாவட்டத்தையே மூடியபோது, தெருக்கள் இருந்த இடமே தெரியவில்லை. நூறாண்டுகளாகப் பிந்தி வந்தது பாலமும் தெருவுமே என்று ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

இனி, உழவன் அக்கரையிலுள்ள சிறிய வைத்தியசாலையின் வாயிலை அடைந்துவிட்டான் என்று கொள்வோம். அங்கே அவனுடைய நோயை அறிய என்ன வேண்டும்? மாபெரும் யந்திரங்கள் வேண்டுமென்று எண்ணவேண்டாம். 2003இல் பிரித்தானியாவிலும் நியூசிலாந்திலும் நெதர்லாந்திலும் சேர்க்கப்பட்ட நோயாளரை வைத்து உருவாக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டு முறை, இன்று உலகெங்கும் வழக்கிலுண்டு. அதன் எளிய வடிவம் நான்கே வினாக்களைக் கொண்டது. நோயாளியின் புத்தி புதிதாகத் தடுமாறுகிறதா? நிமிடத்துக்கு மூச்சு 30 அல்லது அதற்கு மேலா? குருதியமுக்கத்தின் மேலளவு 90க்குக் கீழோ, கீழளவு 60 அல்லது அதற்குக் கீழோ உள்ளதா? வயது 65 அல்லது அதற்கு மேலா? 'ஆம்' என்ற ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. ஒன்றுமில்லையேல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே குளிசையாற் குணப்படுத்தலாம். ஒன்று, இரண்டு என்றால் வைத்தியசாலையிற் சேர்ப்பதைப்பற்றி எண்ணவேண்டும். மூன்றோ நான்கோ என்றால் அவன் மரணத்தின் வாயிலில் நிற்கிறான். இவ்வளவையும் அறிய ஒரு கைக்கடிகாரமும், குருதியமுக்கம் அளக்கும் கருவியும், நோயாளியோடு ஒரு நிமிடம் அமர்ந்திருக்கும் பொறுமையும் போதும். மூச்சை எண்ணுவதற்கு முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் அந்த ஒரு நிமிடந்தான் முதலில் களவு போகிறது.

இம்முறைக்கும் குறையுண்டு. அது வயதைக் கேட்கிறதேயன்றி ஒட்சிசனைக் கேட்பதில்லை. நாற்பது வயது உழவன், உழைத்து இறுகிய உடம்பின் வலியால், புத்தி தடுமாறாமலும் அமுக்கம் வீழாமலும் தாக்குப்பிடித்துக்கொண்டிருப்பான். புள்ளி பூச்சியமாக இருக்கும். குருதியில் ஒட்சிசனோ அபாய அளவுக்குக் குறைந்திருக்கும். ஆகவே, விரல்நுனியில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் சிறு கருவியும் வேண்டும். அதன் தத்துவத்தை 1970களின் தொடக்கத்தில் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி கண்டறிந்தார். ஆரோக்கியமானவரிடம் அது பெரும்பாலும் 95க்கு மேற் காட்டும். 94க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 92க்குக் கீழே இறங்கினால், நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர் நீங்கலாக, பொதுவாக ஒட்சிசன் கொடுத்து வைத்தியசாலையில் வைத்திருக்கவேண்டும். இக்கருவியும் பக்கச்சார்பு அற்றதன்று. கருந்தோல் உடையவரிடம் அது ஒட்சிசனைச் சிலவேளை உள்ளதற்கு மேலாகக் காட்டிவிடுகிறது. வெள்ளையரோடு ஒப்பிடும்போது கறுப்பின நோயாளரிடம் இத்தவறு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமென 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வெயிலிற் கறுத்த நம் உழவரின் விரலில் அதனை மாட்டுபவர், எண்ணை மட்டும் நம்பாது மனிதனையும் பார்க்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மருந்தும் எட்டாக் கனியன்று. பொதுவான, கடுமையற்ற நியூமோனியாவுக்கு அமொக்சிசிலின் குளிசை ஐந்து நாள். மூன்றாம் நாளளவில் மீண்டும் ஒரு பரிசோதனை. சற்றுக் கடுமையானால் வேறு வகை மருந்தொன்றும் துணையாகச் சேரும். மிகக் கடுமையானால் ஊசிவழி மருந்தும் ஒட்சிசனும் சேலைனும். இவை யாவும் உலகில் மலிவாகச் செய்யப்படும் பொருள்கள். ஆனால் ஒவ்வோர் இருமலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கேட்பதும் பேதைமையே. பெரும்பாலான இருமல்கள் வைரசினால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்துகள் பயன்படா. வீணாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு குளிசையும் கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கிறது. நாம் கேட்பது அதிக மருந்தையன்று. தக்க ஆளுக்குத் தக்க மருந்து தக்க நேரத்தில் கிடைக்கவேண்டும் என்பதையே கேட்கிறோம்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். வாவிக்கரைக்கே உரிய செய்தி இனித்தான் வருகிறது. இங்கு வயலிற் பிடிக்கும் நியூமோனியா எல்லாம் ஒரே நியூமோனியா அன்று. வெப்பநாடுகளின் ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் ஒரு பற்றீரியா உண்டு. காலிற் பட்ட கீறல் வழியாகவும், மழைக்காற்றோடு மூச்சின் வழியாகவும், கலங்கிய நீரின் வழியாகவும் அது உடலிற் புகுகிறது. அது விளைக்கும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். நியூமோனியாவே அதன் மிகப் பெருவழக்கான தோற்றம். நீரிழிவு உள்ளவர், சிறுநீரக நோயாளர், குடிப்பழக்கத்தில் ஆழ்ந்தவர் ஆகியோரை அது எளிதிற் பற்றும். கசிப்பு ஊற்றெடுக்கும் கிராமங்களுக்கும், நீரிழிவு பெருகிவரும் நாட்டுக்கும் இதனைவிடப் பொருத்தமான எதிரி வேறெது?

இதனை 1911இல் இரங்கூனில் முதன்முதற் கண்டவர்கள் அல்பிரட் விற்மோர் என்ற ஆங்கில வைத்தியரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசுவாமியும். அந்நகரின் ஏழைகளும் வீடற்றோரும் இறந்த உடல்களிலேயே அவர்கள் இதனைக் கண்டனர். நோய்க்கு நெடுங்காலம் விற்மோரின் பெயர் வழங்கிற்று. கிருஷ்ணசுவாமியின் பெயர் அடிக்குறிப்பாயிற்று. இலங்கையில் 1927இல் முதல் நோயாளி பற்றி எழுதப்பட்டது. அடுத்த எண்பதாண்டு காலத்தில் பதியப்பட்டவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். 2006க்குப் பின் ஆய்வுகூடங்கள் முனைந்து தேடத் தொடங்கியதும், நூற்றுக்கணக்கானோர் கண்டறியப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டமும் அப்பட்டியலிலுண்டு. நோய் திடீரென்று முளைத்ததா? இல்லை. மண் அதே மண். உழவனும் அதே உழவன். எண்பதாண்டுகளாக இந்நோயால் மாண்டவர்கள் 'நியூமோனியா' என்றும், 'காசம்' என்றும், 'பிந்தி வந்தவன்' என்றும் புதைக்கப்பட்டார்கள். பிந்தி வந்தது விஞ்ஞானம்.

இதிலுள்ள கொடுமை யாதெனில், பொதுவான நியூமோனியாவுக்கு வழமையாகக் கொடுக்கும் மருந்துகள் இதனை வெல்லப் போதா என்பதே. செப்ராசிடிம் அல்லது மெரோபெனம் என்னும் ஊசிமருந்து குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்கவேண்டும். பின்னர் கோட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதமோ அதற்கு மேலோ தொடரவேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பும். நுரையீரலிற் குழிவிழுந்து, மாதக்கணக்கில் இருமலாய் இழுபட்டால், அது காசநோயெனத் தவறாகக் கொள்ளப்படுவதுமுண்டு. மருந்து தொடங்குமுன் குருதியும் சளியும் எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. பழக்கமற்ற கண்ணுக்கு அக்கிருமி சாதாரண அழுக்குக் கிருமிபோலத் தோன்றித் தூக்கியெறியப்படவும் கூடும். 2016இல் வெளியான மதிப்பீடொன்று, உலகில் ஆண்டுதோறும் 165,000 பேர் இந்நோய்க்கு ஆளாகி 89,000 பேர் இறக்கின்றனர் எனக் கணித்தது. வசதிமிக்க வட அவுஸ்திரேலியாவில், அண்மைக் காலங்களில் நோயுற்றவரில் இறப்போர் பத்தில் ஒருவர் அளவே. நெல் விளைக்கும் வடகிழக்குத் தாய்லாந்திலோ பத்தில் நால்வர் அளவு. கிருமி ஒன்றே. அதன் முன் நிற்கும் சமூகங்களின் ஏற்பாடுதான் வேறு.

ஆகையால், வாவிக்கரையில் நியூமோனியாவைக் கண்டறியும் முதற் கருவி ஒரு கேள்வியாகும்: "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலை 1700இல் வெளியிட்டபோது, பண்டைய கிரேக்க மருத்துவம் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இதனையும் சேர்க்கவேண்டுமென்று வாதாடினார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. வயது, விலாசம், மதம் யாவும் நிரப்பப்படும் பதிவுத் தாளில், தொழில் என்ற இடம் வெறுமையாகவோ, 'கூலி' என்ற இரண்டெழுத்தாகவோ கிடப்பதை இன்றும் காணலாம். எந்தக் கூலி? வயற் கூலியா, வாவியில் வலைவீசும் கூலியா, மண் அகழும் கூலியா? சேற்றில் நின்றானா? எத்தனை நாள்? காலிற் புண் உண்டா? இவற்றைக் கேட்டால் மெலியோய்டோசிஸ் நினைவுக்கு வரும். நுரையீரலிற் குருதிகசியச் செய்து கொல்லவல்ல எலிக்காய்ச்சலும் நினைவுக்கு வரும். வர்க்கத்தைக் கேளாத வைத்தியம் நோயையும் காணாது என்று சொல்வது மேடைப்பேச்சன்று. நோயறிதலின் முறையே அதுதான்.

எதிர்த்தரப்பார் இங்கே மூன்று மறுப்புகளை எழுப்புவர். முதலாவது: "இந்நாட்டில் மருத்துவம் இலவசம், இதற்குமேல் என்ன வேண்டும்?" இலவச மருத்துவம் நம் மக்கள் பெற்ற பெரும்பேறு, அதனைக் காக்க நாம் முன்வரிசையில் நிற்போம். 1971இல் இடதுசாரித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் அளித்த அறிக்கை, மருந்துக் கம்பனிகளின் கொள்ளையை அம்பலப்படுத்தியது. அதன் வழியே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. அவசியமான மருந்தை, வணிகப் பெயரின்றி, மலிவாக மக்களுக்கு அளிக்கலாமென்று சின்னஞ்சிறு நாடொன்று உலகுக்குக் காட்டியது. ஆனால் இலவசம் என்பது வாயிலில் எழுதிய சொல்லன்று. உள்ளே மருந்து இருக்கவேண்டும். 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அரச வைத்தியசாலைகளின் மருந்தலுமாரிகள் வெறுமையாகி, நோயாளர் வெளியே வாங்கிவருமாறு பணிக்கப்பட்டதை நாடே கண்டது. கடன்பட்டவர்கள் யாரோ; மருந்துக்காகத் தாலிக்கொடியை அடகுவைத்தவள் வயற்காரனின் மனைவி.

இரண்டாவது மறுப்பு: "உழவர்கள் சப்பாத்தும் கையுறையும் அணியலாமே, எச்சரித்தும் கேட்கிறார்களில்லை." நல்ல யோசனை. வாங்கிக் கொடுப்பது யார்? தொழிற்சாலையிற் பாதுகாப்புக் கவசம் முதலாளியின் கடமையென்றால், வயலில் மட்டும் அது கூலியாளனின் கடமையாவதெப்படி? கவசத்தை வழங்கும் கடமையை நிலத்தின் பயனை அனுபவிப்பவர்மேற் சட்டம் சுமத்தட்டும்; பிறகு அணியாதவனைக் கண்டிப்போம்.

மூன்றாவது: "தடுப்பூசி இருக்கிறதே." இருக்கிறது. நியூமோகொக்கஸுக்கு எதிரான நவீன தடுப்பூசி 1970களில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் பரீட்சிக்கப்பட்டது. நெரிசற் கொட்டில்களில் அடைபட்டு நியூமோனியாவால் மடிந்துகொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளரின் உடலிலே அதன் வலிமை நிரூபிக்கப்பட்டது. அதன்மீது 1977இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கிற்று. தொழிலாளியின் உடலிற் சோதித்த ஊசி, நம் நாட்டில் வளர்ந்தோரைப் பொறுத்தவரை, பணங்கொடுத்துப் போட வல்லவருக்கே எட்டுகிறது. மெலியோய்டோசிஸுக்கோ வழக்கிலுள்ள தடுப்பூசி ஒன்றுமேயில்லை.

நம் அணியினருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உழவனைப்பற்றி நாம் நிறைய எழுதுகிறோம். கதைகளில் அவன் இருமுகிறான், அவ்விருமல் வறுமையின் சின்னமாகிறது, கதை முடியும்போது அவன் இறக்கிறான், வாசகர் கண்கலங்குகிறார். ஆனால் அவ்விருமலுக்கு ஒரு பெயருண்டு, ஒரு மருந்துண்டு, அவன் இறந்திருக்கவேண்டியதில்லை என்பதை எத்தனை கதைகள் சொல்கின்றன? தடுக்கக்கூடிய சாவைத் துயரக் காவியமாக்குவது, அதனை விதியென்று சொல்லும் பழைமைவாதத்தின் மறுபக்கமே. இலக்கியம் அழவைப்பதோடு நின்றுவிடலாகாது. கணக்குக் கேட்கவும் வேண்டும்.

அக்கணக்கைத் தொடங்கும் ஆற்றல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு. படுவான்கரையின் பல ஊர்களில் வைத்தியசாலை இல்லை. பாடசாலையில்லாத ஊர் அரிது. உயர்வகுப்பு மாணவன் ஒவ்வொருவனும் ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணப் பழகட்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் மூச்சு நிமிடத்துக்கு 20ஐத் தாண்டின் கவனிக்கவேண்டும். 30ஐத் தொட்டால் அன்றிரவே வைத்தியசாலை. புத்தித் தடுமாற்றம், நீலம்பாரித்த உதடு, எழுந்து நடக்கவியலாத இளைப்பு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வருமென்பது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படட்டும். வைத்தியரிடம் "நான் வயலில் நின்றவன்" என்பதை முதலிற் சொல்லும்படி உழவருக்குக் கற்பிப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை கேட்கவேண்டுமென்பதையும் சொல்லிக்கொடுப்போம்.

அரசிடம் கேட்கவேண்டியவை வேறு. அக்கரையின் ஒவ்வொரு சிறிய வைத்தியசாலையிலும் ஒட்சிசன் அளக்கும் கருவியும், ஒட்சிசனும், முதல் வேளை ஊசிமருந்தும், மாரி மாதங்களில் இரவிலும் கடமையிலிருக்கும் வைத்தியரும் தாதியும் வேண்டும். எடுக்கப்படும் குருதி மாதிரிகள் தாமதமின்றி நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தை அடைய ஒழுங்கு வேண்டும். மெலியோய்டோசிஸுக்கான நீண்டகால மருந்து இடையறாது கிடைக்கவேண்டும். நாட்கூலியாளனுக்கு நோய்க்கால உதவிப்பணம் வேண்டும். அதில்லாமல் 'முதல் நாளே வா' என்று உபதேசிப்பது கேலியாகவே முடியும்.

இறுதியாக ஒன்று. இம்மாரி தொட்டு ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஏடு வைப்போம். காய்ச்சலோடு மூச்சிளைத்து வளர்ந்தவரொருவர் இறந்தால், வீட்டாரின் சம்மதத்தோடு சில விவரங்களை மட்டும் எழுதுவோம்: அவர் செய்த தொழில், காய்ச்சல் தொடங்கிய நாள், முதலிற் சென்ற இடம், அங்கு மூச்சு எண்ணப்பட்டதா, வாகனம் கிடைத்த நேரம், முதல் மருந்து உடலிற் புகுந்த நேரம், குருதி வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டதா, அதன் முடிவு வந்தபோது அவர் உயிரோடிருந்தாரா. அவ்வேட்டைச் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசைமேலும், மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் மேசைமேலும் ஆண்டுதோறும் வைப்போம். பிந்தித்தான் கொண்டுவந்தார்கள் என்று அப்போதும் எவராவது சொல்வாராயின், எத்தனை மணி நேரம் யாராற் பிந்தியது என்று, பக்கத்தைப் புரட்டிக் காட்டிக் கேட்போம்.